ஒற்றனின் கண்கள்

வியாழன், இரவு.

நாங்கள் உருவாக்கும் விண்வெளிப் போர் கேமுக்காக நான் ஒன்பது பிரசாரப் போஸ்டர்கள் வரைந்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்து இருக்கைப் பிரசில்லா வரைந்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். "அருகில் இருப்பவரை நம்பாதே" என்ற வாசகம், கீழே எதிரியின் ஒற்றன். டீம் லீட் அருண் அந்தக் கண்களை விட்டு நகரவே இல்லை. "இவ்ளோ பொறாமைய எங்க புடிச்ச?" என்று அவளிடம் கேட்டார். அவள் சிரித்தாள்.

ஃபேரர் பார்க் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சொன்னாள்: "கோச்சுக்காத லா, மாடல் நீதான். போன மாசம் உனக்குத் தெரியாம ஒரு போட்டோ எடுத்தேன்."

கேட்டு வாங்கினேன். ரயில் ஈசூன் ஸ்டேஷன் வரும்வரை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் நான் அவளுடைய ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்களை அவள் கொஞ்சம்கூட மாற்றவில்லை.