நீ நிறுத்தச் சொன்ன பதக்கம்

ஷார்ஜா ஆபீஸை இடம் மாற்றுகிறோம். நேற்று அலமாரியின் அடித்தட்டில் பச்சை ரிப்பன் கோத்த பதக்கங்கள் சில, பெயர் பொறிக்காமலே கிடந்தன. "இதெல்லாம் ஸ்போர்ட்ஸுக்கா சார்?" என்று புதிதாகச் சேர்ந்த மதுரைப் பெண் கேட்டாள். உன்னைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது, மாப்ளே?

பழைய முதலாளி ஏற்படுத்திய வீரப் பதக்கம் அது. தீப்பிடித்த லாரியைக் குடோனிலிருந்து வெளியே ஓட்டிவந்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவருக்கு முதலாவது. அடுத்தது உனக்கு. கழிவு எண்ணெய்த் தொட்டிக்குள் விஷவாயுவால் மயங்கி விழுந்த நேபாளியை, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கித் தூக்கி வந்தாய். உன் படம் கேம்ப் மெஸ் சுவரில் ஏறியது. "கெணத்துல முங்கிப் பழகுன மூச்சுடா. இதுக்குப் போயி மெடலா?" என்று சிரித்தாய். ஆனாலும் அன்றே வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினாய்.

அடுத்த கோடையில் இன்னொரு தொட்டிக்குள் ஒருவன் விழுந்தான். யார் தடுத்தும் கேளாமல் நம் ரூம் முருகேசன் அவனைத் தூக்கக் குதித்தான். இருவருமே உயிரோடு வரவில்லை.

பிறகு ஒரு காலை என்னையும் கூட்டிக்கொண்டு போய், பதக்கத்தை முதலாளியின் மேசையில் வைத்தாய். "சாப், யே பந்த் கரோ" என்று அதை நிறுத்தச் சொன்னாய். அவர் புரியாமல் பார்த்தார். இந்தி அதற்குமேல் உனக்கு வரவில்லை. "நா பொழச்சது அதிர்ஷ்டம். அத வீரம்னு இவரு சொன்னாரு. தெனமும் எம்படத்தப் பாத்துக்கிட்டே சோறு தின்னவன் அத நம்பிட்டான். சொல்லுடா அவருகிட்ட" என்றாய். சொன்னேன். வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். "முகமூடி, காத்து சிலிண்டர், மேல இழுக்குற கப்பி. தொட்டிக்குத் தொட்டி."

எல்லாம் வந்தன. பதக்கம் நின்றது. மெஸ் சுவரிலிருந்த படத்தை நீயே கழற்றினாய். 'தனக்குக் கெடச்சதும் மத்தவனுக்கு வேணாங்கிறான்' என்று சிலர் பேசியது உன் காதிலும் விழுந்தது.

போன வருடம் ஊரில் நெஞ்சுவலி வந்து நீ போய்ச்சேர்ந்தாய். லீவு கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சென்ற வாரம் தொட்டி கழுவ இறங்கிய பீகார்க்காரன் ஒருவன் முகமூடி நழுவி மயங்கிவிட்டான். மேலே நின்ற அவன் அண்ணன் உள்ளே பாயப் போனான். இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "சோடோ பாய், சோடோ!" என்று விடச் சொல்லிக் கத்தினான், அடித்தான், தோளைக் கடித்தான். விடவில்லை. முகமூடி போட்டவர்கள் இறங்கித் தம்பியை மேலே ஏற்றினார்கள். மூச்சு இருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

பல் பதிந்த காயம் இன்னும் ஆறவில்லை. குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரிகிறது. எரியட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன், மாப்ளே.