கடைசிப் போஸ்ட்டுக்குச் சோறு கொண்டுபோன அண்ணாவுக்கு

என் பொன்னுசாமி அண்ணா,

மாரமங்கலத்திலிருந்து உங்கள் தங்கச்சி எழுதுகிறேன். நீங்கள் சண்டையில் உயிர்விட்டு இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம்மூரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கல் நட ஏற்பாடானது. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத மலைக்காரர்களின் பெயரெல்லாம் அதில் வரும் என்றார்கள். உங்கள் பெயர் மட்டும் இல்லை.

ஏற்பாடு செய்தவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அண்ணியும் நானும் போய், "ஏனுங்க, எங்கண்ணன் பேரை மறந்துட்டீங்களா?" என்று கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மறக்கலீங்க அம்மிணி. துப்பாக்கி புடிச்சவங்க பேரைத்தானுங்க போடறோம். பொன்னுசாமி சமையக்காரருங்களே."

உங்கள் பட்டாலியன் தன் பிறந்தநாள் விழாவுக்கு வருசா வருசம் அண்ணியை அழைக்கும். ஒரு தடவைகூட அவர் போனதில்லை. மலையை விட்டு இறங்கவே யோசிப்பவர். அன்றைக்கு அவராகவே சொன்னார்: "இந்தத் தடவை போலாம் ராமாயி. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்தரலாம்."

குப்பனூர் வழியாக இறங்கிச் சேலத்தில் ரயில் ஏறினோம். வடக்கே எவ்வளவு தூரம் அண்ணா! பட்டாலியன் வாசலில் ஒரு இளம் சிப்பாய் காத்திருந்தான். தர்மபுரிப் பக்கத்துப் பையன். நாங்கள் யாரென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெரிய விருந்து. பந்தியில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை. பட்டாலியனுக்கே தலைவரான கர்னல், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தன் தோளில் சுமந்துகொண்டு, முகாமின் எல்லையில் கடைசிப் போஸ்ட்டில் காவல் நிற்பவனை நோக்கி நடந்து போகிறார்.

"எதுக்கு கண்ணு அவரே தூக்கிட்டுப் போறாரு?" என்று கேட்டேன்.

"எங்க பட்டாலியன் வழக்கமுங்க அக்கா. சண்டையப்ப எங்க பொன்னுசாமி அண்ணன் குண்டு விழற பாதையில கடைசிப் போஸ்ட்டுக்குச் சோறு தூக்கிட்டுப் போனாருங்க. ஆறிடக்கூடாதுன்னு தன் கோட்டைக் கழட்டிப் பாத்திரத்துல சுத்திக்கிட்டாரு, அந்தக் குளிர்ல. எல்லாருக்கும் போட்டுட்டுத் திரும்பறப்பத்தான் குண்டு பட்டுது. அதுலருந்து இந்த நாள்ல, கடைசிப் போஸ்ட்டுல நிக்கறவன் சாப்பிடாம இங்க யாரும் சாப்பிட மாட்டோமுங்க."

"நீ அவரைப் பாத்திருக்கறயா சாமி?"

"நான் அப்பப் பொறக்கவே இல்லீங்க. ஆனா எங்க அண்ணனுங்க அவரு."

அண்ணி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் யாரென்று சொன்னேன். அவன் விறைப்பாக நின்று அண்ணிக்கு சல்யூட் அடித்தான்.

நீங்கள் கோட்டைக் கழற்றியது எங்களுக்கே தெரியாதே அண்ணா. அந்தப் பாதையில் போகும்போது பயமாக இருந்ததா? எங்களை நினைத்தீர்களா?

ரயிலில் திரும்பும்போது இதையே யோசித்தேன். வெறும் கதையாகச் சொல்லி வந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பார்கள். நீங்கள் செய்ததை வருசா வருசம் தங்கள் தோளில் சுமந்து செய்கிறார்கள். அதனால்தான் நேற்று சேர்ந்தவன்கூட உங்களைச் சொந்தம் கொண்டாடுகிறான். கர்னல் பெருமையோடு சுமக்கிற பாத்திரத்தை இந்த ஊரில் யார் கேவலமாகப் பேசுவது?

வந்ததும் நேராக ரைட்டரிடம் போனோம். முழுக்கக் கேட்டவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பாச் சொல்லிட்டனுங்க. போட்டரலாம். மத்தவங்க மாதிரியே சிப்பாய் பொன்னுசாமின்னு போட்டா நொம்ப நல்லா இருக்குமுங்க."

அண்ணிதான் பதில் சொன்னார். "வேண்டாமுங்க. சமையக்காரர் பொன்னுசாமின்னே வெட்டுங்க. இல்லீன்னா பேரே வேண்டாம்."

ரைட்டர் அப்படியே எழுதிக்கொண்டார். போன வாரம் கல் நட்டாகிவிட்டது. அண்ணி சொன்னபடியேதான் வெட்டியிருக்கிறது.

நீங்கள் போனபோது அண்ணியின் வயிற்றில் இருந்த மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அப்பா முகமே தெரியாமல் வளர்ந்துவிட்டேனே என்று அடிக்கடி சொல்லுவாள். அடுத்த வருசம் கைக்குழந்தையோடு அவளைப் பட்டாலியனுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும், அவளுடைய அப்பா யாரென்று. ரயில் எவ்வளவு தூரம் ஓடினாலும் சரி, கூட்டிப் போவேன். இது சத்தியம் அண்ணா.

உங்கள் கூடப்பிறந்தவள்,
ராமாயி