வம்ச வரிசையில் ஒரு பேர் குறையுது

சேசு மரி சூசை துணை

தோ பாயோ, சிங்கப்பூர்
5.12.1979, புதன்கிழமை

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா சூசைநாதன் எழுதுவது. நீயும் உன் குழந்தையும் நல்லா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்க எல்லாரும் சுகம்னு அடுத்த வரி எழுதணும், அதுக்குத்தான் கை வரமாட்டேங்குது. உறை மேலே அனுப்புறவங்க இடத்துல உங்கம்மா பேரைப் போட்டிருக்கேன், என் பேரைப் பார்த்தா திறக்காமலே திருப்பி விட்டுடுவியோன்னு பயம். விட்டாலும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த வழியை உனக்குக் காட்டிக் கொடுத்தவனே நான்தான். எப்படியோ பிரிச்சுட்டே, இந்த ஒரு தடவை மட்டும் கடைசி வரைக்கும் படிச்சிடு தாயி.

உங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. போன மாசம் பதினெட்டாம் தேதி ஞாயிறு பூசை முடிஞ்சு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம், மீன்கடையில வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. ஸ்ட்ரோக்னு சொன்னாங்க. வலது கை, வலது கால் ரெண்டும் போச்சு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, பேச்சு சுத்தமா இல்லை. ஆனா நினைவு இருக்கு, எல்லாரையும் தெரியுது. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க, கிறிஸ்துமஸ் பெருநாள் வரைக்கும் இருப்பாங்களான்னே சொல்ல முடியலைன்னு டாக்டர் லாசரஸ்கிட்டே சொல்லியிருக்கார். உன் தம்பி இப்போ ஜூரோங்ல கப்பல் பட்டறையில வேலை பார்க்கிறான், மே மாசம் கல்யாணம் ஆச்சு, பொண்ணு பேரு ரோசம்மா. நல்ல பிள்ளை, மாமியாருக்குத் தலைவாரி விடுறது, துடைச்சு விடுறது எல்லாம் அவதான். பக்கத்து வீட்டு ஜரீனா தினம் கஞ்சி வச்சுக் கொடுத்து விடுறா. நாங்க ரேஸ் கோர்ஸ் ரோடு வீட்டைக் காலி பண்ணி மூணு வருஷம் ஆகப் போவுது, இங்கே ஒன்பதாவது மாடி. லிஃப்டுக்குப் பயந்துக்கிட்டு உங்கம்மா பாதி நாள் படியிலேயே ஏறுவா, முட்டி வலின்னு நான் திட்டுவேன், இப்போ அந்தப் படியைப் பார்க்கவே முடியலை.

நம்ம வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வச்சதும் எல்லாரும் உட்காருவோம், நான் மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்து ஆபிரகாம்ல தொடங்கி இன்னாருக்கு இன்னார் பிறந்தார்னு சேசுநாதர் வரைக்கும் வாசிப்பேன். அதோட நிறுத்தாம வேதப்புத்தகத்தோட கடைசித் தாளைத் திருப்பி நம்ம வம்சத்தையும் வாசிப்பேன். மரியானுக்கு அந்தோணிக்குட்டி, அந்தோணிக்குட்டிக்குச் சவரிநாயகம், சவரிநாயகத்துக்குச் சூசைநாதன், சூசைநாதனுக்கும் அல்போன்சம்மாளுக்கும் உர்சுலா, லாசரஸ். எங்கப்பா கப்பல்ல கொண்டு வந்த வழக்கம் இது. பேர் வாசிக்கிறவரைக்கும் அந்த ஆளு செத்தாலும் வீட்டுலதான் இருக்கார்னு சொல்லுவார். நான் வாசிக்க வாசிக்க உங்கம்மா கட்டை விரலால மத்த விரல்களைக் கணுக் கணுவாத் தொட்டு எண்ணிக்கிட்டு வருவா, நீயும் அவளைப் பார்த்துப் பழகிட்டே. உனக்கு ஒன்பது வயசு இருக்கும், ஒரு வருஷம் வாசிச்சு முடிச்சதும் பதினாலு தலைமுறைன்னு மூணு தடவை போட்டிருக்கே அப்பா, மூணாவது தடவை எண்ணினா பதிமூணுதான் வருது, ஒருத்தர் குறையுதுன்னு சொன்னே. வேதத்துல குத்தம் கண்டுபிடிக்கிறியான்னு நடுத்தலையில குட்டினேன். மறுநாள் நானே எண்ணிப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. அதை உன்கிட்டே ஒரு நாளும் ஒத்துக்கலை.

இப்போ நடந்ததைச் சொல்றேன். போன ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கும்போது அவ கண்ணுல தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, என்ன வேணும்னு கேட்டாலும் சொல்ல வாயில்லை. செபமாலை சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கிட்டா. சரி, அவளுக்குப் பிடிச்சதாச்சேன்னு பெருநாளுக்கு முன்னாலேயே அந்த வரிசையை வாசிக்க ஆரம்பிச்சேன், உடனே அமைதியாகிட்டா. உயிரோட இருக்கிற இடது கையால எண்ணிக்கிட்டே வந்தா. நம்ம வம்சத்துக்கு வந்து, சூசைநாதனுக்கும் அல்போன்சம்மாளுக்கும் லாசரஸ்னு முடிச்சுப் புத்தகத்தை மூடினேன். மூணு வருஷமா அப்படித்தான் முடிக்கிறேன், அது உனக்குத் தெரியாது, இப்போ தெரிஞ்சுக்கோ. அவ கட்டை விரலை அடுத்த கணுவுல வச்சு அழுத்திக்கிட்டு என்னைப் பார்த்தா. எனக்குப் புரிஞ்சு போச்சு, புரியாத மாதிரி தலையணையைச் சரி பண்ணினேன். திங்கட்கிழமையும் அதே மாதிரி பார்த்தா. நேத்து என்னால முடியலை, வார்டுல அத்தனை பேர் பார்க்க உன் பேரைச் சொல்லிட்டேன். மூணு வருஷத்துக்கப்புறம் என் வாயால உர்சுலான்னு சொன்னேன். அவ முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே. நான் முடிஞ்சுதுன்னு நினைச்சேன், அவ விரலை நகர்த்தி இன்னும் ஒரு கணுவைத் தொட்டுக்கிட்டு மறுபடியும் என்னையே பார்க்கிறா. உன் குழந்தை பேரு. அதைச் சொல்ல எனக்குத் தெரியலையே. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாம ஒரு தாத்தா கட்டில் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரியாமப் போனது யாரால? வயித்துல குழந்தை, அந்த ஆள் கைவிட்டுட்டான், நான் என்ன செய்யட்டும் அப்பான்னு நீ இங்கிலாந்துல இருந்து எழுதின முதல் கடிதத்தை மட்டும்தான் படிச்சேன். இனி எழுதாதேன்னு ஒரே வரியில பதில் போட்டேன். அதுக்கப்புறமும் நீ மூணு கடிதம் போட்டே, மூணையும் உங்கம்மா கண்ணுல படாம வாங்கி, விலாசத்துக் குறுக்கே கோடு போட்டு, அனுப்பினவருக்கே திருப்புகன்னு எழுதி நானே கொண்டு போய்ச் சேர்த்தேன். முப்பது வருஷம் தபாலாபீஸ்ல தபால் பிரிச்சவனுக்கு அதைச் சரியாச் செய்யத் தெரியாதா. மூணாவது உறை தடிமனா இருந்துச்சு. தொட்டதுமே உள்ளே அட்டை இருக்கு, போட்டோன்னு விரலுக்குத் தெரிஞ்சு போச்சு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிச்சுப் பார்க்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்பவும் பார்க்கலை. பார்த்திருந்தா உங்கம்மாகிட்டே முகமாவது சொல்லியிருப்பேன்.

நேத்து வீட்டுக்கு வந்ததும் வேதப்புத்தகத்தை எடுத்தேன். அந்த வருஷம் கோவத்துல உன் பேர் மேலே ஒரு துண்டுக் காகிதத்தைச் சோத்துப்பசை வச்சு ஒட்டியிருந்தேன், உங்கம்மா கையைப் பிடிச்சுத் தடுத்தும் கேட்காம ஒட்டினேன். அதைப் பிரிச்சு எடுத்துட்டு உன் பேரை வாசிக்கலாம்னு தண்ணி கொதிக்கிற கேத்தல் ஆவியில காட்டிக் காட்டி மெதுவாத்தான் உரிச்சேன். காகிதத்தோட மையும் சேர்ந்து வந்துடுச்சு. உன் பேர் இருந்த இடம் வெள்ளையாக் கிடக்கு. தலையில அடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவன் அப்பத்தான் பார்த்தேன், அந்தத் தாளோட கீழ் ஓரத்துல, தையல் மடிப்பை ஒட்டி, யார் கண்ணுக்கும் படாத மாதிரி பென்சில்ல உங்கம்மா எழுத்து. ரெண்டாம் வகுப்புக்கு மேல படிக்காதவ, ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சிருக்கா. உர்சுலாவுக்குன்னு எழுதி, பக்கத்துல ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்ததுன்னு எழுதியிருக்கா. நடுவுல கோடு மட்டும் காலியா இருக்கு. பேர் தெரிஞ்சா எழுதறதுக்கு இடம் விட்டு வச்சிருக்கா. மூணு பெருநாளும் நான் சத்தமா வாசிச்சப்போ அந்தத் தாள் அவ கண்ணு முன்னாலதான் இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசலை. நான் பேச விட்டாத்தானே.

இத்தனை வருஷம் வாய் ஓயாம வாசிச்சேனே, ஒரு பேரையாவது காது கொடுத்துக் கேட்டேனான்னு இப்போ நினைக்கிறேன். அந்த வரிசையில தாமார் இருக்கா, மாமனாருக்கே பிள்ளை பெத்தவ. ராகாப் இருக்கா, அவ என்ன தொழில் பண்ணினான்னு எரிக்கோ ஊர் முழுக்கத் தெரியும். ராஜா ஆசைப்பட்டுப் பறிச்சுக்கிட்ட உரியாவோட பெண்டாட்டி இருக்கா. பெத்த பிள்ளையையே நெருப்புல போட்ட மனாசே ராஜாவும் இருக்கான். மத்தேயு யார் மேலேயும் காகிதம் ஒட்டலை. நான் அவரைவிடப் பெரிய சுத்தக்காரனாயிட்டேன். கடைசியில யார் பேர்ல வந்து அந்த வரிசை முடியுது, மாதாவோட புருஷன் சூசையப்பர். கல்யாணத்துக்கு முன்னாலேயே பொண்ணு கர்ப்பமா இருக்கான்னு தெரிஞ்சும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவர், தன் ரத்தம் இல்லாத பிள்ளைக்குப் பேர் வச்சவர், தன் வம்சத்தையே தூக்கிக் கொடுத்தவர். அவர் பேரைத்தான் எனக்கு வச்சாங்க. அறுபத்திரண்டு வருஷமா அந்தப் பேரை வச்சுக்கிட்டு, சொந்த ரத்தத்துக்குக் கதவைச் சாத்தினேன். பங்குச் சாமியார்கிட்டே பாவசங்கீர்த்தனம் பண்ணினேன், கடவுள் மன்னிச்சுட்டார், மகளுக்கு எழுதுங்கன்னார். ஜரீனாகூட, அங்கிள் முதல்ல எழுதுங்க லா, அப்புறம் அழுதுக்கலாம்னு சொல்லிட்டுப் போனா. கடவுள்கிட்டே கேட்டது சுலபமா இருந்துச்சு, உன்கிட்டே கேட்கத்தான் வார்த்தை வரலை. என்னை மன்னிக்கணும்னு இதுல நான் கேட்கலை, அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

உன் விலாசம் நம்ம பழைய வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ரத்தினம்மா மகள் கொடுத்தது. போன வருஷம் மான்செஸ்டர்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது உன்னைப் பார்த்தாளாம், தோள்ல குழந்தை தூங்கிக்கிட்டு இருந்துச்சாம், கம்பளியால போர்த்தியிருந்ததால முகம்கூடச் சரியாத் தெரியலையாம், பஸ் வந்துடுச்சுன்னு விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்துட்டு ஏறிட்டியாம். நீ இன்னும் அங்கேதான் இருக்கியான்னு தெரியாது. அதனால இதையே இன்னொரு பிரதி எழுதி, நீ முன்னே வேலை பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ் விடுதிக்கும் போடறேன். விமானத் தபால் ஆறு நாள், ஏழு நாள் எடுக்கும், பெருநாள் நெருக்கத்துல பத்து நாளும் ஆகும், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நீ கடிதம் எழுதி அது திரும்பி வர நேரம் இல்லை. தந்தி கொடு. அதுல அப்பாவை விசாரிக்க வேண்டாம், வர்றேன்னு சொல்ல வேண்டாம். குழந்தை பேர் மட்டும் இருந்தா போதும், அவ காதுல சொல்லிடுவேன். உனக்கு மனசு இருந்து, வர வழியும் இருந்தா, வாசக்கதவு திறந்திருக்கு, அதை நான் சொல்ல வேண்டியதில்லை, நான் சாத்தின கதவுதானே.

அங்கே இப்போ கடுங்குளிர்னு சொல்றாங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது காதை மூடிக்கோ, சின்ன வயசுலேயே உனக்குக் குளிர் காதுலதான் இறங்கும். குழந்தைக்கு நெஞ்சுல சளி கட்ட விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாதாவும் சூசையப்பரும் உனக்கும் உன் பிள்ளைக்கும் கூடவே இருக்கட்டும், என் ஆசீர்வாதத்தை நீ ஏத்துக்குவியோ என்னவோ, உங்கம்மா ஆசீர்வாதம் கட்டாயம் உண்டு, இதை எழுதப் போறேன்னு சொன்னதும் இடது கையைத் தூக்கிக் காத்துல சிலுவை போட்டா. விலாசம் மாறினதை மறந்துடாதே, பழைய வீட்டுக்கு அனுப்பாதே, உறைக்குப் பின்னால புது விலாசம் எழுதியிருக்கேன்.

இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் அவ கட்டில் பக்கத்துல உட்கார்ந்து ஆபிரகாம்ல இருந்து வாசிப்பேன். உன் பேர் இருந்த வெள்ளை இடத்துல நான் மறுபடி எழுதலை, என் கையால அழிச்சதை என் கையாலேயே எழுத மனசு வரலை, அது உன் எழுத்துக்குக் காத்திருக்கட்டும். ஆனா வாயால சொல்லுவேன். சூசைநாதனுக்கும் அல்போன்சம்மாளுக்கும் உர்சுலா, லாசரஸ்னு சொல்லுவேன். அப்புறம் உர்சுலாவுக்குன்னு சொல்லிட்டு நிறுத்துவேன். அவ கட்டை விரல் அந்தக் கணு மேலேயே இருக்கும். நீ சொன்னது சரிதான் அம்மா, எண்ணிப் பார்த்துட்டேன், ஒருத்தர் குறையுது.

இப்படிக்கு,
உன் தந்திக்கு வாசல்லேயே காத்திருக்கும்
அப்பா சூசைநாதன்