நம்ம ஆறு

காதுக்கவசத்தின் ஸ்பாஞ்சில் யாரோ ஒருவனின் வியர்வை காய்ந்த வாடை. இன்று காலை அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கூடத்துக்குள் நுழையும்போது அதைக் கையில் கொடுத்தார்கள். மாட்டியதும் உன் நினைவு வந்தது. எந்த நாட்டில் மாநாடு நடந்தாலும் மொழிபெயர்ப்பாளர்களுக்கான நம் கண்ணாடிக் கூண்டின் ஹெட்போனில் இந்த வாடைதான் இருக்கும். "உலக சமாதானத்தின் மணம்" என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வாய்.

சீனாவிலிருந்து வந்த புதுத் தறி ஓடாமல் நிற்கிறது. அங்கிருக்கும் மெக்கானிக் செல்போனில் முகம் காட்டிப் பேசுகிறான். அவன் சொல்வதை நான் முதலாளிக்குத் தமிழில் சொல்கிறேன். அமைச்சர்களின் பேச்சைச் சூடு ஆறும் முன்னே மொழிமாற்றிய நாக்குக்கு இப்போது இதுதான் பிழைப்பு.

"நாமளே பாத்துச் சரி பண்ணிருவோம்னு சொல்றார்" என்றேன்.

முதலாளி நிமிர்ந்தார். "நாமளேன்னா? என்னையும் சேத்தா? அவன் அனுப்புன தறிக்கு நான் எதுக்கு ஸ்பேனரத் தூக்கணும்?"

"அவர் சொன்னது அப்படித்தான்."

"'நாங்க பாத்துக்கிருவோம்'னுதான் சொல்லியிருப்பான். நீங்க மாத்திச் சொல்லிட்டீக சார்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தையை ஒருவன் சிரிக்காமல் சொல்லித்தானே உன்னை முடித்தான்.

முதன்முதலில் நாம் ஒரே கூண்டில் உட்கார்ந்தபோது, சீனம் படித்த இந்தியன் என்று என்னை நீ சந்தேகமாகத்தான் பார்த்தாய். அரை மணி நேரம் நீ, அரை மணி நேரம் நான். ஒருவன் பேசும்போது மற்றவன் எண்களையும் பெயர்களையும் காகிதத்தில் எழுதித் தள்ளுவான், தண்ணீர் ஊற்றி வைப்பான். முறை மாற்றும் நேரத்தில் நான் உன் முழங்கையைத் தட்டி "ஏலே" என்பேன். அதன் பொருளைக் கேட்டாய். எங்கள் ஊரில் சமமானவர்கள் கூப்பிட்டுக்கொள்வது என்றேன். அன்றிலிருந்து நீயும் என்னை "ஏலே" என்றே கூப்பிட்டாய். நான் வேலை பார்த்த டெல்லியில் கூட அப்படிக் கூப்பிட எனக்கு ஆள் இருந்ததில்லை.

ஒரு விடுமுறையில் எங்கள் ஊருக்கு வந்தாய். திருச்சுழிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் சீமைக்கருவேல். குண்டாற்றைப் பார்க்க வேண்டும் என்றாய். இறங்கி மணலில் நடந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு எங்கே?" என்று கேட்டாய்.

"நீ நிக்கிறது ஆத்துலதான்."

ஆடு ஓட்டி வந்த ஒருவர் நின்று உன்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி எந்த ஊரு? நேப்பாளமா?"

"சீனாண்ணே" என்றேன்.

"அம்புட்டுத் தொலைவுல இருந்து இதப் பாக்கவா வந்தாக? நல்லாப் பாக்கச் சொல்லுங்க. நம்ம ஆறுதான்."

மொழிபெயர்த்தேன். நீ அந்த 'நம்ம'வில் நின்றுவிட்டாய். "என்னையும் சேர்த்தா சொல்கிறார்?" என்றாய். உன்னையும் சேர்த்துத்தான் என்றேன். வீட்டில் நான் பேசும் தெலுங்கிலும் தெருவில் பேசும் தமிழிலும் நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். உங்கள் வடக்குச் சீனத்தில் 'ட்ஸான்மென்' என்றால் எதிரில் இருப்பவனையும் சேர்த்த நாம். 'வொமென்' என்றால் பெரும்பாலும் நாங்கள் மட்டும். நீ மணலில் உட்கார்ந்து அந்த இரண்டையும் விரலால் எழுதிக் காட்டினாய். பிறகு சொன்னாய்: "தண்ணீர் இல்லாத ஆற்றில் பங்கு கொடுக்க யாருக்கும் வலிக்காது, ஏலே."

தண்ணீர் ஓடும் ஆறு ஒன்று நமக்கு வந்து சேர்ந்தது. உங்கள் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் இடையே ஆற்று நீர்ப் பேச்சுவார்த்தை, மூடிய அறை, ஒலிப்பதிவு கிடையாது. உங்கள் குழுத் தலைவர் எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, மதிய உணவின் களிப்பில் வீட்டுப் பேச்சில் இறங்கினார். "இந்த ஆறு ட்ஸான்மென்னுடையது" என்றார். என் காதில் அது குண்டாற்று மணலில் கேட்ட அதே 'நம்ம'வாக விழுந்தது. நீ மூச்சு விடும் நேரத்தில் "உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து, நம்முடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். எதிர் மேசை கை தட்டியது. தலைவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் அவருக்கு மேலிருந்தவர்கள் கேட்டிருப்பார்கள், ஆற்றில் எப்போது பங்கு கொடுத்தாய் என்று. "நான் வொமென் என்றேன். எங்களுடையது என்றேன். மொழிபெயர்ப்பாளர் மாற்றிவிட்டார்" என்றார் அவர். பிழை உன்னுடையது என்று நீ ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாய்.

நடைபாதையில் உன்னை மறித்தேன். நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"கூண்டில் கேட்டது கூண்டோடு" என்றாய்.

"உன் வேலை போகும்."

"பேசியவருக்கு முகம் இருக்கிறது. நமக்கு வாய் மட்டும்தான். ஏலே, சும்மா இரு."

அந்தச் 'சும்மா இரு'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன் வாயைத்தான் நீ கட்டிக்கொண்டாய் என்று நினைத்தாய். என் வாயும் அதே கயிற்றில்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த நானும் அது பிழை என்று எழுதித் தர வேண்டும் என்று உங்கள் குழுவினர் கேட்டார்கள். மறுத்தேன். சரி என்று சொல்ல நீ விடவில்லை, தவறு என்று சொல்ல என் காது விடவில்லை. மெல்ல மெல்ல அழைப்புகள் நின்றன. உன்னை ஏதோ ஓர் அறையில் பழைய ஆவணங்களை மொழிபெயர்க்க உட்காரவைத்தார்கள். உன் குரல் அதன் பிறகு எந்த அரங்கிலும் ஒலிக்கவில்லை. நான் இங்கே வந்து சேர்ந்தேன். படித்த படிப்புக்கு மரியாதையாக எல்லோரும் 'சார்' என்கிறார்கள். உங்கள் தலைவர் மேலே மேலே போனார். அவர் படம் செய்தியில் வரும்போதெல்லாம் நான் டிவியை அணைக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

நீ போன செய்தியை உன் மகள்தான் எழுதினாள். சாம்பலைக் கரைத்த பிறகு மறுபடியும் எழுதினாள்: "அப்பா கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. அவருடைய அலுவலகத்தில் இன்றும் புதியவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் பிழை என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அவர் தவறாகச் சொன்னாரா? பதிலை உங்கள் பெயரோடு அங்கே கொடுக்க அனுமதிப்பீர்களா?"

அதே வாரம் டெல்லியிலிருந்து போன் வந்தது. கூண்டுகளுக்கு ஆள் அனுப்பும் பழைய ஏஜென்சிக்காரர். "பழசையெல்லாம் விடுங்கள். அடுத்த மாதம் மாநாடு இருக்கிறது. ஆள் குறைகிறது. வழக்கமான நிபந்தனைதான்." கூண்டில் கேட்டது கூண்டோடு. எத்தனை ஆண்டுகள் இந்த அழைப்புக்காகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் கிளம்பும்போதெல்லாம் அதில் நான் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். இப்போது கதவு திறந்திருக்கிறது. அதன் வாசலில் உன் மகள் நிற்கிறாள்.

இன்று மதியம் தறிக்கூடத்துக்கு வெளியே சுவர் நிழலில் நின்று பதில் எழுதினேன். நம் தொழிலில் எத்தனையோ முறை 'நான்' என்று சொல்லியிருக்கிறேன். 'நான் கண்டிக்கிறேன்', 'நான் வரவேற்கிறேன்', 'நான் உறுதியளிக்கிறேன்.' எதுவும் நானில்லை. இன்றைக்கு அந்தச் சீன எழுத்தைத் தட்டும்போது விரல் கூசியது.

"நான் கேட்டேன். அவர் சொன்னது ட்ஸான்மென். உன் அப்பா சொன்னது சரி. என் பெயரைப் போட்டுக்கொள்."

பிறகு டெல்லிக்கு, வரவில்லை என்று ஒரு வரி. இதில் தியாகம் எதுவும் இல்லை. உன்மேல் இருக்கும் கோபத்தில்தான் செய்தேன். சும்மா இரு என்றாயே, இருக்கவில்லை. கோபித்துக்கொள்வதாக இருந்தால் கோபித்துக்கொள்.

"சார், அந்தச் சீனாக்காரன் லைன்ல வந்துட்டான்" என்று உள்ளிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "இப்பயாச்சும் 'நாங்க'ன்னு சொல்றானா கேளுங்க."

"அவர் என்ன சொல்றாரோ அதத்தான் சொல்லுவேன்."

"சரி சரி, வாங்க."

கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அதே வாடை, அதே இரைச்சல். பேச ஆரம்பித்து அரை மணி ஆனால் என் முழங்கை தானாகப் பக்கத்தில் தேடுகிறது, யாராவது தட்டி "ஏலே" என்பார்களா என்று. இது இன்னும் என் முறைதான். மாற்றிவிட ஆளில்லை.