எலி கடித்ததைச் சொன்ன மாணவிக்கு மறுதேர்வு கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் வெளி உறுப்பினர்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்.

பொருள்: விலங்குக் கூடப் பயிற்சியில் கடிபட்டதைத் தானே தெரிவித்த ஆய்வு மாணவியின் நுழைவு அட்டை முடக்கப்பட்டது – மறுதேர்வும் விதித் திருத்தமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

"நான் சொல்லாமலே இருந்திருக்கணுமா சார்?" என்று சென்ற வாரம் ஒரு மாணவி என்னிடம் கேட்டார். விலங்குக் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்தில் நின்றிருந்தோம். அவர் விரலில் எலி கடித்த காயம். என் விரலிலும் அதே. பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவன் நான். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் தங்கள் கையில் இருப்பதால் இம்மனுவை எழுதுகிறேன்.

1. குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் என்னைச் சேர்த்தீர்கள். ஆய்வுத் திட்டங்களில் 'விலங்கைக் கையில் பிடித்து' என்று வருவதைப் படித்து ஒப்பமிடுகிறேனே தவிர, எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவன் குளத்தின் ஆழத்துக்குச் சான்று கொடுப்பது போலத்தான் இது. ஆகவே புதிதாக ஆய்வில் சேர்ந்தவர்களுக்கான பயிற்சியில் நானும் உட்கார அனுமதி கேட்டேன், கிடைத்தது.

2. பயிற்சி தந்த கால்நடை மருத்துவர் நல்ல ஆசிரியர். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரு கைகளையும் குவித்துக் கூண்டுக்குள் வைத்துச் சுண்டெலி ஏறும்வரை பொறுக்க வேண்டும் என்று செய்துகாட்டினார். "அவசரப்படாதீங்க. ஒரு பஸ்ஸு கை நீட்டி உங்களைத் தூக்க வந்தா எப்படி இருக்கும்? அதுக்கு நீங்க அவ்ளோ பெரிசு" என்றார். சிரித்தோம். அதன்பின் எல்லார் கையும் மெதுவாயிற்று.

3. பிற்பகலில் தேர்வு. கழுத்துத் தோலை மடித்துப் பிடித்து, சுண்டெலியை அசையாமல் நிறுத்த வேண்டும். அம்மாணவி பிடித்தபோது அது மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்தது. அதைக் கண்டு அவர் பிடியைச் சற்றுத் தளர்த்தினார். அது திரும்பிக் கடித்தது. அவர் கையை உதறவில்லை. கடித்த வாயோடு அதைக் கூண்டுக்குள் இறக்கி, அது தானாக விடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, மூடியைப் போட்டார். மருத்துவர் அப்போது முதுகைக் காட்டியபடி வேறொருவர் கையைத் திருத்திக்கொண்டிருந்தார். "டாக்டர், என்னைக் கடிச்சிருச்சு" என்று மாணவிதான் சொன்னார்.

4. அடுத்தது நான். என்னையும் கடித்தது. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார். உதறியதில் சுண்டெலி மேசைமேல் விழுந்தது. மருத்துவர் அதை எடுத்துப் பார்த்து, அடி படவில்லை என்றார். "படிக்காத எலி சார், வாத்தியாரைக் கண்டதும் கோபம் வந்துருச்சு" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

5. அன்று மாலை எனக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் வந்தது. மாணவியின் நுழைவு அட்டை முடக்கப்பட்டது. 'தேர்வின்போது கடிபட்டவர் தகுதியற்றவர்' என்பது விதியாம். குழு உறுப்பினருக்கு அது இல்லையாம். அடுத்த பயிற்சி அடுத்த பருவத்தில்தான். அதுவரை இடத்தை வைத்திருக்க முடியாது என்று அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். இம்மாத இறுதிக்குள் தேறாவிட்டால் அவர் ஆய்வை விட்டுப் போக வேண்டும்.

6. கவனமில்லாத கையிலிருந்து விலங்கைக் காப்பதே அவ்விதியின் நோக்கம் என்பதை அறிவேன், மதிக்கிறேன். ஆனால் வெப்பமானியை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்ல முடியுமா? மூத்த மாணவர் ஒருவர் அம்மாணவிக்கு ஆறுதல் சொன்னது என் காதில் விழுந்தது: "இதுக்குப் போய் டாக்டரைக் கூப்பிடுவாங்களாம்மா? கையுறையை மாத்திட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? நாங்கல்லாம் அப்படித்தானே உள்ள வந்தோம்." அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை, தங்கைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். என் கவலையே அதுதான். கடியை மறைப்பவர் காயத்தை ஒழுங்காகக் கழுவமாட்டார், மருத்துவரிடம் போகமாட்டார். பிடித்தது தவறு என்று அவரைத் திருத்தவும் ஆளிருக்காது. அதே பிடியில் அடுத்த சுண்டெலியும் தவிக்கும்.

7. ஆகவே, அம்மாணவிக்கு இம்மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். என் சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். அதே மேசையில் அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் தேர்வுக்கு உட்படத் தயார். யார் தேறுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடிபட்டதைச் சொன்னவருக்கு மறுபயிற்சி தரலாம், தண்டனை கூடாது என்று விதியையும் மாற்றித் தர வேண்டும்.

இவ்வளவும் ஒரு கிழவனின் மிகை என்று தாங்கள் நினைக்கக்கூடும். அப்படியானால் ஆணை எழுதுமுன் ஒரு காலையில் தாங்களே விலங்குக் கூடத்துக்குச் செல்லுங்கள். யார் அட்டையும் முடக்கப்படாது என்று முதலில் வாக்குக் கொடுங்கள். பிறகு, "யாரையெல்லாம் கடிச்சிருக்கு?" என்று கேட்டு, உயரும் கைகளைப் பாருங்கள்.

இடம்: விலங்குக் கூடத்தின் வரவேற்பறை
நாள்: பயிற்சிக்கு அடுத்த திங்கட்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வெளி உறுப்பினர்

இணைப்பு: தேர்ச்சிச் சான்றிதழ், அசல்.