நாய்ப் படமும் உங்கள் உள்ளங்கையும்

அக்கா,

இன்று காலை படம் காட்டும் கருவியைத் தூசி தட்டித் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். ஒளி நேராக விழுகிறதா என்றறிய என் வலக்கையை அதன் முன்னே நீட்டினேன். காலையில் பூசிய தனக்கா கையில் இன்னும் முழுதாகக் காயவில்லை. விளக்கின் சூட்டில் அந்த மரப்பட்டை அரைப்பின் மணம் எழுந்து என் முகத்தருகே வந்தது. எடுக்க வேண்டிய கையை எடுக்காமல் சற்று நேரம் நின்றுவிட்டேன். சென்ற மழைக்காலத்தில் நீங்கள் மறைந்த பிறகு தனக்காவின் மணம் எனக்குக் கிட்டாமல் போய்விடவில்லை. தாமுவே சந்தையில் எந்தப் பெண்ணின் கன்னத்திலும் அது உண்டு. ஆனால் சூடேறிய தனக்காவின் மணம் உங்கள் ஒருவருக்கே உரியது. எரியும் விளக்கின் முன் உள்ளங்கையை நீட்டிப் படத்தை மறைக்கும் வழக்கம், நானறிந்தவரை, இந்த ரங்கூனில் உங்களைத் தவிர வேறு எவருக்கும் இருந்ததில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு படம் காட்டலாம் என்று சொன்னவர் நீங்கள். தமிழைப் புரிந்துகொண்டு பர்மிய மொழியில் பதில் சொல்லும் பிள்ளைகளை வேறு எப்படி வகுப்பில் உட்கார வைப்பது? படமோ ஆங்கிலத்தில் இருக்கும். நான் திரையருகே நின்று கதையைத் தமிழில் சொல்வேன். நீங்கள் மிங்கலாடோனிலிருந்து பேருந்தில் வந்து கருவியருகே அமர்வீர்கள். பிள்ளைகள் காணத்தகாதது என்று நாம் முன்கூட்டியே பார்த்துத் தீர்மானித்த இடம் வந்ததும் உங்கள் கை ஒளியின் முன் நீளும். திரை இருண்டு, விளிம்பில் விரல்களின் சிவப்பு மட்டும் தெரியும். "ஹே, அத்தை கை வந்துருச்சு" என்று பிள்ளைகள் கூவுவார்கள். கை மறையும்வரை நான் ஏதேனும் சொல்லி இடைவெளியை நிரப்ப வேண்டும். அதுவே நம் தணிக்கை முறை.

திரையை நான்தான் தைத்தேன். ஒரு துணியின் அகலம் போதாமல் இரண்டை இணைத்ததால் நடுவில் ஒரு தையல் ஓடியது. எந்த நாயகனின் முகமும் அந்தத் தையலில் மாட்டிக்கொண்டு சற்றே கோணும். "தையற்கடைக்காரி தைச்ச லட்சணம்" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் மிஷன் பள்ளியில் படித்தவர். நான் எந்தப் பள்ளியின் வாசலையும் மிதித்தவளல்லள். நாட்காட்டித் தாள்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் சாமான் கட்டி வந்த பழைய செய்தித்தாள்களிலும் எழுத்துக் கூட்டிப் படித்து, பின்னர் புத்தகங்களுக்கு வந்தவள். அந்தத் தமிழ் நானே ஈட்டிய சொத்து. அதை மெருகு குலையாமல் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம். "இப்போது அந்த நாயானது தன் தலைவனை நாடி விரைகிறது" என்று நான் கதை சொன்னால், "புலவரே, அது நாய்தான். ஓடுதுன்னு சொல்லு. ஓடிட்டுப் போகட்டும்" என்பீர்கள். பிள்ளைகளைவிட அதிகம் சிரித்தது நீங்கள்தான்.

ஒரு படம் ஆகுமா ஆகாதா என்பதிலும் நாம் அப்படித்தான். நான் காரணங்களை அடுக்குவேன்; நீங்கள் சூரியகாந்தி விதையை உரித்தபடி கேட்டுவிட்டு "யாடே" என்பீர்கள். ஆகும், பரவாயில்லை, நடக்கட்டும் என்று அந்த ஒரு பர்மியச் சொல்லில் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த ஆற்று நாயை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் காட்டிய முதல் நாய்ப் படம் அது. வெள்ளத்தில் ஒரு நாய் அடித்துச் செல்லப்படும் காட்சி. சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். உங்கள் கை நீண்டது. ஒலிப்பெட்டியை அணைக்க வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. இருண்ட திரையின் பின்னால் நீரின் இரைச்சலும் நாயின் குரைப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. "நாய் அக்கரையில் நலமாக ஏறிவிட்டது" என்று நான் அழகான தமிழில் அறிவித்தேன். கை விலகியது. பின்னர் படம் முடியும்வரை அந்த நாய் வரவேயில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளைக் கியாக்தானுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றோம். ஆற்றின் நடுவே இருக்கும் பகோடாவுக்குப் படகில் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நீரையே பார்த்தார்கள். படகுக்காரர் கத்தினார். கெளுத்தி மீன்களுக்குப் போட வாங்கிய பொரியை ஒரு சிறுமி தூர வீசினாள்.

"அங்க எங்க மீன் இருக்கு? இந்தப் பக்கம் போடு" என்றீர்கள்.

"மீனுக்கு இல்ல அத்தை. நாய்க்கு. அது இன்னும் அக்கரைக்குத்தானே நீந்திட்டு இருக்கும்? பசிக்கும்ல" என்றாள் அவள்.

அன்று திரும்பும் பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடியே நீங்கள் சொன்னீர்கள்: "புலவரே, அந்த நாயை ஆறு கொல்லல. நம்ம கைதான் அதைத் தண்ணிக்குள்ளேயே வச்சிருக்கு." அடுத்த மாதத்திலிருந்து புதிய முறை ஒன்றை வைத்தீர்கள். படம் தொடங்குமுன் பிள்ளைகளை உட்காரவைத்து, முடிவில் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. கதையின் சுவை கெட்டுவிடுமே என்று நான் வாதாடினேன். "சுவை கெட்டா கெட்டுட்டுப் போகுது. முடிவு தெரிஞ்ச பிள்ளை பயப்படாம அழும்" என்றீர்கள். அதன்பின் அந்தக் கை முத்தக் காட்சிகளுக்கு மட்டுமே நீண்டது.

இப்போது மறுபடியும் ஒரு நாய்ப் படம், அக்கா. வரைந்த படமல்ல, உண்மையான நாய்களை நடிக்க வைத்து, வாயை மட்டும் கணினியால் அசைத்துப் பேச வைத்திருக்கிறார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாட்களாகையால் பேட்டரியில் கருவியை ஓட்டி, நம் நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்து தனியே பார்த்தேன். ஒரு முதிய நாய், ஒரு குட்டி, அவற்றை நேசிக்கும் ஒரு குடும்பம். குட்டி நாய் காவலரின் காலணியில் சிறுநீர் கழிக்கும் காட்சி எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்திருப்பீர்கள் என்பதால் அதை அனுமதித்தேன். சிறுவன் ஒருவன் முன்பின் அறியாத தெருநாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அதை அப்படியே விட இயலாது. நம் சந்தில் எந்தப் பிள்ளையாவது அப்படிச் செய்தால் நேரே ஊசி போட ஓட வேண்டியதுதான். படத்து நாய் பழக்கிய நாய், சந்து நாயைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும் எனக் குறித்துக்கொண்டேன். இறுதியில் முதிய நாய், நம் பிள்ளைகள் கண்டிராத பனியின் நடுவே, வீட்டுப் பையனின் மடியில் தலைவைத்து இறந்துபோகிறது. நன்றாக எடுத்திருந்தார்கள். நான் அழுதேன்; அழுதபின் மனம் லேசாயிற்று. ஆகும் என்று தீர்மானித்தேன்.

புதன்கிழமை சந்திரா கடைக்கு வந்தாள். ஆம், அன்று படகில் பொரி வீசிய அதே சந்திரா. அவளுடைய மகள் திரி இப்போது நம் வகுப்பில் படிக்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் ஆசிரியையான என்னை இருவரும் 'சயாமா' என்றே அழைப்பார்கள். தைத்த இரவிக்கையை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"சயாமா, ஞாயித்துக்கிழமை படத்துல நாய் செத்துப்போகுதாமே?"

"ஆம். மிகவும் கண்ணியமாகவே காட்டப்பட்டிருக்கிறது."

"கண்ணியமோ என்னமோ. அந்த எடத்துல அத்தை கை வச்சிருங்க."

காரணத்தையும் சொன்னாள். அவர்கள் வளர்த்த பியூ என்ற வெள்ளை நாய் போன மாதம் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. திரி அப்போது பள்ளியில் இருந்தாள். மாலையில் வந்தவளிடம், பியூவைக் கியாக்தானில் ஒரு புத்த மடத்தில் விட்டிருக்கிறோம், அங்கே பொங்கித் துறவிகள் சோறு போடுகிறார்கள் என்று சந்திரா சொல்லிவிட்டாள். நாய்களை மடத்தில் கொண்டுபோய் விடுவது இங்கே எவரும் செய்வதுதானே, குழந்தையும் நம்பிவிட்டது. அன்றிலிருந்து தன் தட்டில் வைக்கும் மீன் வறுவலில் பாதியை எடுத்து வைத்து, கியாக்தான் பேருந்தில் கொடுத்தனுப்பு என்று தாயிடம் தருகிறாளாம்.

"தினமுமா?" என்றேன்.

"தினமும். நானும் வாங்கிட்டுப் போய் நம்ம சந்து நாய்ங்களுக்குப் போட்டுட்டு வரேன். இப்ப லீவுல கூட்டிட்டுப் போன்னு நிக்கிறா சயாமா. நான் எந்த மடத்துக்குன்னு கூட்டிட்டுப் போவேன்?"

எனக்கு எத்தனையோ சொற்கள் தெரியும், அக்கா. அவற்றை ஒதுக்கி வைத்தேன். உங்கள் வழியில் கேட்டேன்.

"நீ படகிலிருந்து பொரி வீசினாயே, நினைவிருக்கிறதா?"

அவள் முதலில் சிரித்தாள். "ஐயோ, அந்த ஆத்து நாய். அதுக்கப்புறம் எங்க தண்ணியப் பாத்தாலும் தேடுவேன். கல்யாணம் ஆகிக்கூட ஒரு தடவ..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். இரவிக்கைப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?" என்றாள்.

"முடிவைச் சொல்லிவிட்டால் குழந்தை பயப்படாமல் அழும் என்று அத்தை சொல்வார்."

"அத்தைக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கையை வைக்கச் சொல்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. குழந்தை இன்னும் அறியாமல் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? காலையில் கருவியின் முன் கையை நீட்டிக்கொண்டு நான் நின்றது அந்தக் குழப்பத்திலும்தான்.

இன்று படத்துக்கு முன்பே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். நான் உள்ளே திரையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் அமர்ந்து சந்திரா சொன்னது காதில் விழுந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். அழுகைதான் வரும் என்று நான் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"அப்ப நான் குடுத்த மீனெல்லாம் யார் தின்னா?"

"நம்ம சந்து நாய்ங்கதான்."

"மூக்கு கிழிஞ்ச நாயும் தின்னுச்சா?"

"அதுதான் ரொம்பத் தின்னுச்சு."

"சரி" என்றாள் திரி. அதன்பிறகுதான் அழுதாள். தாயும் சேர்ந்து அழுதாள். நான் கட்டிய திரையை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

பிற்பகலில் பிள்ளைகளை உட்காரவைத்து முடிவைச் சொன்னேன். முதிய நாய் இறந்துவிடும், குட்டி வளரும் என்றேன். சந்து நாய்களைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையையும் விளக்கமாக எடுத்துரைத்தேன். "சயாமா, எப்ப படம்?" என்று ஒருவன் கேட்கும்வரை விளக்கினேன். காவலர் காலணிக் காட்சிக்கு வகுப்பே உருண்டு சிரித்தது. பனி வந்தது. அது என்ன, சோறா என்று யாரோ பர்மிய மொழியில் கேட்டார்கள்.

முதிய நாய் பையனின் மடியில் தலை சாய்த்தது. நான் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டு கருவியருகே வந்து நின்றேன். என் வலக்கை தானாகவே உயர்ந்தது, அக்கா. அதை இறக்கிக்கொண்டேன். அப்போது முன்வரிசையில் தாயின் மடியில் இருந்த திரி தன் கையை ஒளிக்குள் நீட்டினாள். திரையில் ஒரு சிறிய நிழற்கை எழுந்தது. அது எதையும் மறைக்கவில்லை. நாயின் நெற்றியிலிருந்து காது வரை, என் கோணல் தையலைத் தாண்டி, மெல்லத் தடவிக்கொடுத்தது. இன்னும் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. எவரும் கூவவில்லை.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது சந்திரா கேட்டாள்: "இத சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கும் போடலாமா சயாமா?" ஆதரவாகவும் எதிராகவும் சொல்ல வேண்டியவற்றை நான் வாரம் முழுதும் மனத்துக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். ஆயினும் வாயில் வந்தது ஒரு சொல்தான். "யாடே" என்றேன். சந்திரா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

விடைபெறும்போது திரி ஒரு சிறு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். இன்றைய மீன். "மூக்கு கிழிஞ்சதுக்குப் போட்டுருங்க சயாமா. கிட்டப் போய்த் தொடாதீங்க, கடிச்சுரும். தள்ளி வச்சுட்டு வந்துருங்க" என்று எனக்கே எச்சரிக்கை சொன்னாள்.

அவள் சொன்னபடியே தள்ளி வைத்துவிட்டு வந்தேன். அது வாலை ஆட்டவுமில்லை, நன்றி தெரிவிக்கவுமில்லை. தின்றுவிட்டு இன்னும் உண்டா என்று பார்த்தது. வீட்டுக்கு வந்து கையை நன்றாகவே கழுவினேன். இதை எழுதும்போது முகர்ந்து பார்க்கிறேன். வறுத்த மீனின் வாசம் போகவில்லை. அதனடியில் தனக்காவும் இருக்கிறது.