கார்டு எந்த ஊரோ, அந்த ஊர்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஓய்வு பெற்றவனுக்கு இந்த வெளிநாட்டு டியூஷன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

நீ ஆடும் அந்தத் தோட்டம் போடும் வீடியோ கேமை நானும் வாங்கினால், ஞாயிறுதோறும் உன்னோடு சேர்ந்து ஆடலாமே என்று உட்கார்ந்தேன். உனக்கு நானூறு ரூபாய். இங்கே அதுவே ஆயிரத்து இருநூறாம்! ஒரே நோட்டை முதல் பெஞ்சுக்கு ஒரு விலை, கடைசி பெஞ்சுக்கு ஒரு விலை என்று விற்றால் நீ சும்மா விடுவாயா? கேம் வாங்கும் படிவத்தில் ‘உங்கள் ஊர்’ என்று கேட்டிருந்தது. நம் ஊரை எழுதினேன். நானூறு என்று காட்டியது. இந்த ஊர் பேங்க் கார்டில் பணம் கட்டப் போனதும் என் கேம் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

கேம் கம்பெனிக்குப் போன் செய்தால் நம் பாஷை பேசும் பெண்தான் எடுத்தாள்.

“சார், ஊர்னா பொறந்த ஊர் இல்ல. உங்க கார்டு எந்த ஊரோ, அந்த ஊர்.”

“பொண்டாட்டி இருக்கிற ஊர்தாம்மா என் ஊர்.”

“அதுக்கு படிவத்துல இடம் இல்லையே சார்!”

அவள் சிரித்தாள்; எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் நான் இந்த ஊர்க்காரன்தான் என்று எழுதிக் கொடுத்து, மூன்று மடங்கு அழுது வாங்கிவிட்டேன்.

திரையில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. என் பழைய கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஞாயிறு நான் கேமுக்குள் வரும்வரை அந்தத் தோட்டத்தில் எதையும் நட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரன்